இன்ஜின் கரிப்படிவும் எரிபொருள் சேர்மங்களும்: தேவர்சோலை மலைச்சாலைகளை முன்வைத்து

எரிபொருள் சேர்மம் என்பது பெட்ரோலிலோ டீசலிலோ மிகச் சிறிய அளவில் கலக்கப்படும் வேதிப்பொருள். துருவைத் தடுக்க ஒன்று, நுரையைத் தடுக்க ஒன்று, நாக்கிங்கைக் குறைக்க ஒன்று என்று அவற்றில் பல வகை. இன்ஜினுக்குள் கரி படியாமல் தடுக்கும், படிந்த கரியைக் கரைக்கும் என்று சொல்லி விற்கப்படும் தூய்மைச் சேர்மங்களைப் பற்றியது இந்தக் கட்டுரை. எண்ணெய் நிறுவனங்கள் தங்கள் பிரீமியம் பெட்ரோலில் இவற்றைக் கலந்தே விற்கின்றன. உதிரிபாகக் கடைகளில் இன்ஜெக்டர் கிளீனர் என்ற பெயரில், டேங்கில் நேராக ஊற்றும் சிறு பாட்டில்களாகவும் கிடைக்கின்றன. ஏற்றம், இறக்கம், குளிர், விடாத மழை, இரண்டாம் கியரை விட்டு ஏறாத வேகம் எல்லாம் சேர்ந்து மலையில் ஓடும் வண்டிக்குக் கரி சீக்கிரம் பிடிக்கும் என்று ஓட்டுநர்கள் சொல்வதுண்டு. நீலகிரி மாவட்டம் கூடலூர் வட்டத்திலுள்ள தேவர்சோலை அந்தப் பேச்சைச் சோதித்துப் பார்க்க நல்ல இடம். அந்த நம்பிக்கையில் ஒரு பங்கு இன்றும் உண்மை; இன்னொரு பங்கு கார்புரேட்டர் காலத்தோடு காலாவதியானது. பாட்டிலின் பயனும் அப்படித்தான் பிரிகிறது. எரிபொருள் நனைக்கும் பரப்பை மட்டுமே அது சுத்தம் செய்யும். இன்றைய வண்டிகளில், அதிலும் மலை வண்டிகளில், தொல்லை தரும் கரியில் பெரும்பகுதி எரிபொருள் எட்டாத இடங்களில்தான் சேர்கிறது.

தேவர்சோலை ஒரு பேரூராட்சி. கூடலூரிலிருந்து பிதர்காடு, பாட்டவயல் வழியாக வயநாட்டின் சுல்தான் பத்தேரிக்குப் போகும் சாலையில், கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 1,000 மீட்டர் மேலே இருக்கிறது. தென்மேற்குப் பருவமழையை நேருக்கு நேர் வாங்கும் பக்கம் இது. பக்கத்திலுள்ள தேவாலா தமிழ்நாட்டிலேயே மிக அதிக மழை பெய்யும் ஊர்களில் ஒன்று. இங்கே வண்டிகள் இரண்டு விதமாக ஓடுகின்றன. ஒன்று, கூடலூரிலிருந்து ஊசிமலை, நடுவட்டம், பைக்காரா வழியாக 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டிக்கு ஏறும் சுமார் 50 கிலோமீட்டர் பயணம். மற்றொன்று எஸ்டேட் வழிகளிலும் ஊருக்குள்ளும் நாள் முழுக்க நடக்கும் சில்லறை ஓட்டம். தேயிலைக் கொழுந்து ஏற்றும் பிக்கப் வண்டி எடை போடும் இடம்தோறும் நிற்கிறது; சாக்குகள் ஏறும்வரை இன்ஜின் சும்மா ஓடுகிறது; பிறகு சில நூறு மீட்டர் நகர்ந்து மறுபடியும் நிற்கிறது. ஆள் ஏற்றும் ஜீப்பும், பள்ளிக்கும் கடைக்கும் போய்வரும் சிறு காரும் ஓடுவதும் இதே கணக்கில்தான். கரிப்படிவைப் பொறுத்தவரை இவ்விரண்டு ஓட்டங்களும் ஒன்றுக்கொன்று எதிரானவை. ‘மலை ஓட்டம்’ என்று இரண்டையும் ஒரே பெயரில் கட்டிவைப்பதால்தான் குழப்பம் தொடங்குகிறது.

கரி என்று பொதுவாகச் சொன்னாலும் படிவது ஒரே பொருளல்ல, படியும் இடமும் ஒன்றல்ல. பெட்ரோல் இன்ஜினில் முதலில் பாதிக்கப்படுவது இன்ஜெக்டரின் நுனி. வண்டி ஓடும்போது அதன் வழியே பாயும் பெட்ரோலே அதைக் குளிர்வித்துக்கொண்டிருக்கும். ஏற்றம் ஏறி வந்த சூட்டோடு சாவியைத் திருப்பி அணைத்தால் குளிர்நீர் ஓட்டமும் காற்றோட்டமும் நின்றுவிடும். சிலிண்டர் தலையின் சூடு மேலேறி, நுனித்துளையில் எஞ்சிய பெட்ரோல் துளியை அந்த இடத்திலேயே வேகவைக்கும். அதன் லேசான பகுதி ஆவியாகப் போக, கனத்த மூலக்கூறுகள் பிசினாகி ஒட்டும். அடுத்த சில நிமிடங்களில் வண்டியை மறுபடி கிளப்பி, மறுபடி அணைத்தால் இன்னொரு பூச்சு ஏறும். துளை மயிரிழை அகலமே உள்ளது. கொஞ்சம் அடைத்தாலும் தூவல் சிதறிப்போகும். ஓடும் கிலோமீட்டர் கணக்கைவிட அணைத்துக் கிளப்பும் கணக்குதான் இங்கே முக்கியம். ஆகவே தேவர்சோலையில் கடைகடையாக நிறுத்தி ஓட்டும் கார், நெடுஞ்சாலையில் பல மடங்கு தூரம் ஓடிய காரைவிட மோசமான இன்ஜெக்டரைச் சுமந்திருக்க முடியும்.

இரண்டாவது இடம் இன்லெட் வால்வின் பின்புறம். இங்கே படிவது பெட்ரோலின் பிசின் மட்டுமல்ல. வால்வுத் தண்டு வழியாகக் கசியும் இன்ஜின் ஆயிலும், கிராங்க்கேஸிலிருந்து திருப்பி உறிஞ்சப்படும் ஆயில் ஆவியும் சேர்ந்து கருகிய கலவை. இறக்கத்தில் கியரைப் போட்டு, ஆக்சிலரேட்டரை விட்டு, இன்ஜினையே பிரேக்காகப் பயன்படுத்துவது மலைச்சாலையில் சரியான, பாதுகாப்பான பழக்கம். அந்த நேரத்தில் த்ராட்டில் மூடியிருப்பதால் உள்ளிழுக்கும் குழாயில் அழுத்தம் வெகுவாகக் குறையும். தேய்ந்த வால்வு சீல் உள்ள வண்டியில் ஆயில் அந்த இழுப்புக்கு எளிதில் உள்ளே வரும். நடுவட்டத்திலிருந்து கூடலூர் வரை இறங்கி வந்த பழைய கார், அடிவாரத்தில் மறுபடி ஆக்சிலரேட்டரை மிதித்ததும் ஒரு கொத்து நீலப்புகை விடுவது இதனால்தான். மூன்றாவது இடம் பிஸ்டன் தலையும் எரி அறையும். அங்கே படியும் கரி, இடத்தை அடைத்து அழுத்த விகிதத்தைக் கொஞ்சம் கூட்டும், சூட்டையும் பிடித்துவைக்கும். புது இன்ஜினைவிடச் சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய இன்ஜினுக்குக் கூடுதல் ஆக்டேன் தேவைப்படுவதன் காரணம் இது. நான்காவது, வெளியேறும் புகையின் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பும் ஈ.ஜி.ஆர். வால்வு. டீசல் வண்டிகளில் கரி மொத்தையாகச் சேரும் இடம் அது.

இந்த நான்கில் டேங்கில் ஊற்றும் பொருள் திரவமாகவே போய்ச் சேர்வது முதல் இடத்துக்கும், இன்லெட் குழாயில் பெட்ரோல் தூவும் பழைய முறை இன்ஜினாக இருந்தால் இரண்டாவது இடத்துக்கும்தான். சேர்மம் வேலை செய்யும் விதம் சோப்பு வேலை செய்யும் விதமே: மூலக்கூறின் ஒரு முனை அழுக்கைப் பற்றும், நீண்ட வால் பெட்ரோலில் கரையும், இரண்டும் சேர்ந்து அழுக்கைப் பெயர்த்துக்கொண்டு போகும். வித்தியாசம் சூட்டில் இருக்கிறது. வால்வின் பின்புறம் 200 டிகிரிக்கு மேல் கொதிக்கும் இடம். அங்கே தாக்குப்பிடிக்காத சேர்மம் தானே கருகிப் படிவோடு படிவாகிவிடும். 1970-இல் அமெரிக்காவின் ஷெவ்ரான் எஃப்-310 என்ற பெயரில் கொண்டுவந்தது பாலிபியூட்டீன் அமைன் வகை. 1980-களின் தொடக்கத்தில் வந்த பாலிஈதர் அமைன் அதைவிடச் சுத்தமாக வேலை செய்தது. இன்றும் பாட்டில் வாங்குபவர் தேட வேண்டிய பெயர் அதுதான். பழைய வகை ஒன்றை அதிக அளவில் கலந்தால் வால்வு சுத்தமாகும். ஆனால் அதன் எச்சம் எரி அறையில் படிவைக் கூட்டும். இரண்டாவது இடத்தில் கழுவியதை மூன்றாவது இடத்தில் கொட்டும் இந்தக் குணத்தை எந்த லேபிளும் சொல்வதில்லை.

எஃப்-310 விளம்பரக் கதையைச் சற்று விரிவாகச் சொல்லத் தகும். காரின் சைலன்சரில் ஒரு ஒளிபுகும் பலூனைக் கட்டி, முன்பு கறுத்த புகை நிரம்பியதையும், சேர்மம் கலந்த பெட்ரோல் போட்ட பிறகு பலூன் தெளிவாக இருந்ததையும் தொலைக்காட்சியில் காட்டினார்கள். விண்வெளி வீரராக இருந்த ஸ்காட் கார்பென்டர் அதைப் பரிந்துரைத்தார். அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் இதை ஆராய்ந்து நடவடிக்கை எடுத்தது. ‘முன்பு’ காட்டிய காரில், இன்ஜினை அழுக்காக்குவதற்கென்றே தயாரித்த பெட்ரோலை ஊற்றி ஓட்டியிருந்தார்கள். சேர்மம் பொய்யல்ல, காட்டிய ஒப்பீடுதான் பொய். அரை நூற்றாண்டு கழித்தும் கைப்பேசித் திரையில் ஓடும் முன்-பின் காட்சிகள் பல இதே அச்சில்தான் வார்க்கப்படுகின்றன. இதற்கு மாறாக, நம்பத்தகுந்த சோதனை எப்படியிருக்கும் என்பதற்கும் அதே நாட்டில் உதாரணம் உண்டு. 1985-ஆம் ஆண்டின் பி.எம்.டபிள்யூ 318ஐ காரை ஒரே பெட்ரோலில் சுமார் 16,000 கிலோமீட்டர் ஓட்டி, வால்வுகளைக் கழற்றி எடைபோட்டார்கள். ஒரு வால்வுக்குச் சராசரி 100 மில்லிகிராமுக்கு மேல் படிவு இருந்தால் அந்தப் பெட்ரோல் தோல்வி. 1995 முதல் அமெரிக்காவில் விற்கும் எல்லாப் பெட்ரோலிலும் தூய்மைச் சேர்மம் கட்டாயமானது. அந்தக் குறைந்தபட்ச அளவு போதவில்லை என்று பி.எம்.டபிள்யூ, ஜெனரல் மோட்டார்ஸ், ஹோண்டா, டொயோட்டா நிறுவனங்கள் 2004-இல் ‘டாப் டியர்’ என்ற கூடுதல் தரத்தை உருவாக்கின. 2016-இல் அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏ.ஏ.ஏ. நடத்திய சோதனையில், 4,000 மைல் ஓட்டத்துக்கு ஈடான இயக்கத்துக்குப் பிறகு, அந்தத் தரமில்லாத பெட்ரோல் 19 மடங்கு அதிகப் படிவை விட்டிருந்தது. எனவே சேர்மம் வெறும் ஏமாற்று என்று ஒரேயடியாகத் தள்ளுவோர் பக்கம் சான்று இல்லை. இன்லெட் குழாயில் பெட்ரோல் தூவும் இன்ஜினில், சரியான சேர்மம் சரியான அளவில் கலந்தால் படிவு குறையும். இது எடைபோட்டுக் கண்ட உண்மை.

இனி, மலையில் கரி கூடுதல் என்ற நம்பிக்கை. இதற்கு ஒரு காலத்தில் திடமான பௌதிகக் காரணம் இருந்தது. கார்புரேட்டர் காற்றின் கன அளவைப் பார்த்துப் பெட்ரோலை விடும். அந்தக் காற்று எவ்வளவு அடர்த்தியானது என்பதை அறியாது. தேவர்சோலை உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் உள்ளதில் 90 சதவீதம். ஊட்டியில் 80 சதவீதம். அடர்த்தி குறையக் குறையக் கலவையில் பெட்ரோலின் பங்கு கூடும். சமவெளிக்கென்று ஜெட் பொருத்தி டியூன் செய்த அம்பாசடரோ, பழைய மாருதி 800-ஓ ஊட்டிக்கு வந்தால் பத்து சதவீதத்துக்கு மேல் கூடுதல் பெட்ரோலைக் குடித்து, எரிக்க முடியாமல், கறுத்த ஸ்பார்க் பிளக்கோடு திணறும். அந்தக் கால மெக்கானிக்குகள் கண்டதும் சொன்னதும் சரியே. அதோடு, ரேஷனில் விற்ற நீல மண்ணெண்ணெய் எரிபொருளில் கலந்து வந்த காலமும் அது. கலப்படம் ஆக்டேனைக் குறைத்து எச்சத்தைக் கூட்டியது. கணினி அளந்து பெட்ரோல் தூவும் எம்.பி.எஃப்.ஐ. முறை வந்ததும் முதல் காரணம் போயிற்று. சைலன்சரில் பொருத்திய ஆக்சிஜன் சென்சார் வெளியேறும் புகையைப் பார்த்துப் பெட்ரோல் அளவை நொடிக்குப் பலமுறை திருத்துகிறது; மேட்டுப்பாளையமாயினும் தொட்டபெட்டாவாயினும் கலவை ஒன்றே. எரிபொருளும் மாறியது: 2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் விற்கும் பி.எஸ்.6 (பாரத் ஸ்டேஜ் 6) தர எரிபொருளில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குதான். அதற்கு முந்தைய பி.எஸ்.4 எரிபொருளில் 50 பங்கு. உயரம் தானாகவே கரி சேர்த்த காலம் முடிந்துவிட்டது. அறிவுரை மட்டும் தலைமுறை தாண்டி வந்துகொண்டிருக்கிறது.

மலை ஓட்டத்துக்குப் பிரீமியம் பெட்ரோல்தான் போட வேண்டும் என்ற பேச்சையும் இங்கே சேர்த்துப் பார்க்கலாம். பாரத் பெட்ரோலியத்தின் ஸ்பீட் 2002-இல் வந்தது. இந்தியன் ஆயிலின் எக்ஸ்பி95-உம், 2020 டிசம்பரில் அறிமுகமான எக்ஸ்பி100-உம், இந்துஸ்தான் பெட்ரோலியத்தின் பவர் வகைகளும் பின்னால் சேர்ந்தன. இவற்றில் இரண்டு வேறு சரக்குகள் ஒன்றாகக் கட்டித் தரப்படுகின்றன: ஒன்று ஆக்டேன், மற்றொன்று தூய்மைச் சேர்மம். டர்போ இல்லாத இன்ஜினுக்கு உயரத்தில் ஆக்டேன் தேவை குறையவே செய்யும். சிலிண்டருக்குள் புகும் காற்றே குறைவு, அழுத்தமும் குறைவு, நாக்கிங் வாய்ப்பும் குறைவு. அமெரிக்க மலை மாநிலங்களில் 85 ஆக்டேன் பெட்ரோல் விற்பது இந்தக் கணக்கில்தான். எனவே ஊட்டி ஏறும் சாதாரண சிறு கார் எக்ஸ்பி100 போடுவது தேவையில்லாத ஆக்டேனுக்குக் காசு கொடுப்பது. டர்போ உள்ள வண்டி இதற்கு விதிவிலக்கு. அது மெல்லிய காற்றையும் இறுக்கித் திணித்துவிடுவதால் அதன் தேவை அவ்வளவு குறையாது. சேர்மத்துக்காக மட்டும் என்றால், சில டேங்குகளுக்கு ஒருமுறை பிரீமியம் பெட்ரோல் நிரப்புவது நியாயமான வழி. பெயர் தெரியாத பாட்டிலை விட, அளவு நிர்ணயித்துக் கலந்த பெட்ரோல் மேல்.

அடுத்த சிக்கல் புதுக் கார்களால் வந்தது. இன்லெட் குழாயில் தூவாமல் சிலிண்டருக்குள்ளேயே பெட்ரோலைப் பீய்ச்சும் நேரடி உட்செலுத்தல் இன்ஜின்கள் இந்தியச் சிறு கார்களிடையே 2013-இல் வந்த போலோ ஜிடி டிஎஸ்ஐ போன்றவற்றில் தெரியத் தொடங்கின. 2017-இல் பலேனோ ஆர்எஸ், 2019-இல் ஹூண்டாய் வென்யூ டர்போ, 2020-இல் மகிந்திரா தார் பெட்ரோல் என்று பெருகின. இவற்றில் இன்லெட் வால்வின் பின்புறத்தைப் பெட்ரோல் தொடுவதே இல்லை. ஆயில் ஆவி மட்டும் வந்து படிகிறது. கழுவ ஒரு துளியும் வருவதில்லை. டேங்கில் எத்தனை விலையுயர்ந்த பாட்டிலை ஊற்றினாலும் அந்த வால்வுக்கு அது எட்டாது. படிவு முற்றினால் இன்லெட் குழாயைக் கழற்றி, அரைத்த வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சிச் சுரண்டுவதே உறுதியான சிகிச்சை. டொயோட்டா 2005 வாக்கில் இரண்டு வகை இன்ஜெக்டர்களையும் ஒரே இன்ஜினில் பொருத்தத் தொடங்கியதன் பயன்களில், வால்வின் பின்புறம் பெட்ரோலில் நனைவதும் ஒன்று. நேரடி உட்செலுத்தல் காரிலும் பாட்டில் முழு வீணல்ல; எரி அறைக்குள் நீட்டிக்கொண்டு கடும் சூட்டைத் தாங்கும் இன்ஜெக்டர் நுனிக்கு அது உதவும். ஆனால் கடைக்காரர் காட்டும் படத்தில் பளபளக்கும் வால்வு இருந்தால், அந்தப் படம் வேறு வகை இன்ஜினுடையது.

மறுப்புகள் இருக்கின்றன. பாட்டில் ஊற்றியதும் பிக்கப் கூடிற்று, புகை குறைந்தது என்று பலர் சொல்கிறார்களே? இன்லெட் தூவல் இன்ஜினில் உண்மையிலேயே அடைத்திருந்த இன்ஜெக்டர் திறந்திருந்தால் அது நடக்கக்கூடியதே. ஆனால் பெரும்பாலும் பாட்டில் தனியாகப் போவதில்லை. சர்வீஸ் நாளில்தான் போகிறது. அன்றே ஆயில் மாறுகிறது, ஏர் ஃபில்டர் மாறுகிறது, பிளக் மாறுகிறது, டயருக்குக் காற்றும் அடிக்கப்படுகிறது. மாற்றம் எதனால் வந்தது என்று பிரித்தறிய வழியில்லாதபோது, கையால் ஊற்றிய பொருளுக்கே பெயர் கிடைக்கிறது. அடுத்த மறுப்பு கனமானது: கார் நிறுவனமே பரிந்துரைக்கிறதே? ஹூண்டாய் கையேடுகளில், போதிய தூய்மைச் சேர்மமில்லாத பெட்ரோல் போடுபவர்கள் குறிப்பிட்ட இடைவெளியில் ஒரு பாட்டில் சேர்க்கலாம் என்ற ஆலோசனை உண்டுதான். அதில் உள்ள நிபந்தனையைக் கவனிக்க வேண்டும். நல்ல பெட்ரோல் கிடைத்தால் பாட்டில் தேவையில்லை என்பதே அதன் மறுபக்கம். கையேடு சொல்லும் இடைவெளியைச் சுருக்கி ஒவ்வொரு டேங்குக்கும் ஒன்று என்று ஊற்றுவதற்கு அது அனுமதியாகாது. மூன்றாவது மறுப்பு மைலேஜ். பழைய மைலேஜ் இப்போது கிடைப்பதில்லை, ஆகவே கரி பிடித்திருக்கிறது என்று முடிவுகட்டுகிறார்கள். 2023-இல் தொடங்கி 2025-க்குள் நாடெங்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பரவிவிட்டது. எத்தனாலில் ஆற்றல் குறைவு. பெட்ரோலுக்கென்று வடிவமைத்து 10 சதவீதக் கலவைக்கு ஏற்பச் சீரமைத்த கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் வரை குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே கணக்கிட்டிருந்தது. லிட்டருக்கு 18 கிலோமீட்டர் தந்த கார் 17-க்கும் கீழே வருவது இந்தக் கணக்கிலேயே அடங்கிவிடும். கரியில்லாத குறைக்குக் கரி மருந்து ஊற்றி என்ன பயன்?

மழைக்காலத்துக்கென்று விற்கும் ‘நீர் நீக்கி’ பாட்டிலும் இதே வகைதான். தேவாலா, தேவர்சோலை பக்கம் ஈரக்காற்றில் வண்டி வாரக்கணக்கில் நிற்கும். டேங்கின் உட்சுவரில் நீர் வியர்க்கும் என்ற கவலை பொய்யல்ல. அந்தப் பாட்டிலில் இருப்பது பெரும்பாலும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்; தண்ணீரைத் தன்னோடு கலந்து இன்ஜினுக்குள் கடத்திவிடும். இன்று டேங்கில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனாலாகவே இருக்கும்போது அதே வேலை ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. எத்தனால் ஏற்க முடியாத அளவு தண்ணீர் புகுந்துவிட்டால் அது அடியில் தனி அடுக்காகப் பிரியும்; அப்போது டேங்கை வடிப்பதைத் தவிர வழியில்லை, இன்னொரு கரண்டி ஆல்கஹால் அதைச் சரிக்கட்டாது.

தீங்கு பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ‘போட்டால் நஷ்டமில்லை’ என்பதுதான் விற்பனையின் கடைசி ஆயுதம். மலிவான பாட்டில்கள் சிலவற்றின் பாதுகாப்புத் தரவுத் தாளைப் பார்த்தால், பெரும்பகுதி மண்ணெண்ணெய் இனத்தைச் சேர்ந்த கரைப்பான் என்று அதிலேயே எழுதியிருக்கும். பங்க்கில் யாராவது மண்ணெண்ணெய் கலந்தால் சண்டைக்குப் போகும் நாம், அதையே சில நூறு ரூபாய் கொடுத்து நம் கையால் ஊற்றிக்கொள்கிறோம். ஆக்டேன் கூட்டி என்று விற்பவற்றில் மாங்கனீசு அல்லது இரும்புச் சேர்மம் இருந்தால், பிளக்கிலும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரிலும் செம்பழுப்புப் படிவு சேரும். கரியைப் போல அது எரிந்தும் போகாது. நாஃப்தலீன் உருண்டையை டேங்கில் போடும் பழைய வழக்கம் புகையைக் கூட்டுவதற்குத்தான் உதவும். நல்ல பாலிஈதர் அமைன்கூட முழுதும் எரிந்துவிடாது; ஒரு பகுதி சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கும். ஆகவே பாட்டில் ஊற்றுவதானால் ஆயில் மாற்றுவதற்கு முந்தைய டேங்கில் ஊற்றுவதே முறை.

இதுவரை சொன்னது பெட்ரோல். தேவர்சோலையில் சுமை சுமப்பதோ டீசல். பி.எஸ்.4 காலம் வரையிலான ஜீப்புகளிலும் பிக்கப்புகளிலும் தூய்மைச் சேர்மம் இன்ஜெக்டர் துளையை ஓரளவு காக்கும். புகை திரும்பும் ஈ.ஜி.ஆர். வால்வில் சேர்ந்த மொத்தையை அது தொடாது, அதைக் கழற்றித்தான் கழுவ வேண்டும். பி.எஸ்.6 டீசல் வண்டிகளில் கதை வேறு. புகையிலுள்ள கரியைப் பிடித்துவைக்கும் டி.பி.எஃப். வடிகட்டி, ஏறக்குறைய 600 டிகிரி சூட்டில் அந்தக் கரியை எரித்துத் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். அதற்கு இன்ஜின் கூடுதல் டீசலைப் பீய்ச்சி, நிற்காமல் பல நிமிடங்கள் ஓட வேண்டும். எடை போடும் இடம்தோறும் நிற்கும் கொழுந்து வண்டிக்கு அந்த நிமிடங்கள் கிடைப்பதில்லை. சுத்திகரிப்பு தொடங்குகிறது, வண்டி அணைக்கப்படுகிறது. மறுபடி தொடங்குகிறது, மறுபடி அணைக்கப்படுகிறது. எரியாமல் போன கூடுதல் டீசல் ஆயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்கிறது. டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் குறைவதற்குப் பதில் ஏறியிருந்தால் அதுதான் அடையாளம். இதற்கும் சேர்மம் உண்டா என்றால், உண்டு. 2000-இல் பெஜோ 607 காரோடு வந்த சீரியம் சேர்மம், கரி எரியத் தேவையான சூட்டைக் கணிசமாகக் குறைத்தது. ஆனால் அது தனித் தொட்டியில் வைத்து, கணினி அளந்து கலக்கும் அமைப்பு. அந்த வடிகட்டியும் அதற்கேற்ப அமைந்தது. அந்த அமைப்பு இல்லாத வண்டியில் உலோகச் சேர்மத்தைக் குத்துமதிப்பாக ஊற்றினால் உலோகச் சாம்பல் வடிகட்டியிலேயே தங்கி, அதன் ஆயுளைத் தின்னும்.

ஏற்றம் டி.பி.எஃப்.-க்கு மருந்து, இறக்கம் அல்ல. கூடலூரிலிருந்து நடுவட்டம் வரை சுமையோடு, ஒரே சீரான வேகத்தில் ஏறும் வண்டியின் சைலன்சர் சூடு வடிகட்டிக்கு வேண்டியதைத் தருகிறது; எரி அறையில் சேர்ந்த மென்கரியும் கொஞ்சம் எரிகிறது. அதே சாலையில் இறங்கும்போது எரிபொருளே நின்றுபோவதால் எல்லாம் குளிர்ந்துவிடும். ஆகவே டேஷ்போர்டில் வடிகட்டி விளக்கு எரிந்தால், ஊருக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவருவதும் மலையிறங்கி நிலம்பூர் பக்கம் போவதும் பயன் தராது; ஏற வேண்டும், நடுவில் அணைக்கக் கூடாது. எஸ்டேட் வண்டிக்கு ஊட்டியில் என்ன வேலை, அதற்கு டீசல் செலவு யார் தருவது என்று கேட்பது நியாயம். அப்படி ஏற வாய்ப்பில்லாத வண்டிக்கு மாற்று வழி, வொர்க்ஷாப்பில் ஸ்கேனரை இணைத்து நின்ற இடத்திலேயே வடிகட்டியைச் சுத்திகரிக்கச் செய்வதும், ஆயிலைக் கையேட்டில் கடினப் பயன்பாட்டுக்கென்று சொல்லியிருக்கும் குறைந்த இடைவெளியில் மாற்றுவதும். நிறுத்தி நிறுத்தி ஓடும் வண்டி, இன்ஜின் சும்மா ஓடும் நேரம் அதிகமுள்ள வண்டி, மலைப்பாதை வண்டி மூன்றையுமே கடினப் பயன்பாடு என்றுதான் கையேடுகள் வகைப்படுத்துகின்றன. கொழுந்து வண்டி மூன்றிலும் சேரும்.